என் மடிக்கு என்ன குறைச்சல்?

அன்று செக்கானூரணியில் தங்கை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என்னை மட்டும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே. காபியும் முதலில் எனக்குத்தான் வந்தது. மரியாதை என்று நினைத்துக்கொண்டு நானும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

தம்பி ராசு செல்போனை என் கையில் கொடுத்தான். காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் டிசைன் வந்துவிட்டதாம், பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

எங்கள் பக்கத்தில் பத்திரிகை அடிக்காமல்கூட விசேஷம் நடக்கும், ஃபிளெக்ஸ் இல்லாமல் நடக்காது. நடுவில் தங்கை மகன் குட்டி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு சிங்கத்தின் பக்கத்தில் நின்றான். மூன்று வயதுப் பிள்ளைக்கு எதற்குச் சிங்கம் என்று கேட்கக் கூடாது. வலது பக்கம் ராசு, வெள்ளை வேட்டி சட்டையில், கும்பிட்ட கையோடு ஆளுயரத்துக்கு நின்றான். காலடியில் கொட்டை எழுத்தில் ‘தாய்மாமன்’ என்று இருந்தது.

என்னைத் தேடினேன். மேலே ஓரத்தில், வட்டம் வட்டமாக மூன்று படம். ஒன்று செத்துப்போன எங்கள் அப்பா. இன்னொன்று செத்துப்போன எங்கள் அம்மா. நடுவில் நான். மூன்று பேருக்கும் சேர்த்து ‘ஆசியுடன்’ என்று போட்டிருந்தது.

இன்னொரு கையில் காபி இருந்ததால் போன் தப்பித்தது, இல்லையென்றால் வீசியிருப்பேன்.

எங்களில் மூத்தவன் நான். அடுத்து ராசு. கடைக்குட்டி தனம். எனக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம், நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். கல்யாணமாகி ரொம்பக் காலம் கழித்து, கோவில் கோவிலாக ஏறி இறங்கிப் பெற்ற மகன் குட்டி. முதல் மொட்டையும் காதுகுத்தும் மூத்த தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் செய்வார்கள். அதை எனக்கு யாரும் எழுதித் தர வேண்டியதில்லை.

“மடி யாரு?” என்று கேட்டேன்.

தனம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “சின்னண்ணே மடியில வச்சுக்கிரலாம்னு இருக்கோம். உங்களால கீழ உக்கார முடியாதுல்ல, பெரியண்ணே.”

நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். குலசாமிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரலாமா என்று தனத்தின் மாமனார் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். அதுவும் நியாயம்தான். ராசுவுக்கு இன்னொரு கவலை இருந்தது. “மொட்டை எடுக்கிற கத்திண்ணே. உங்க காலு ஆடுச்சுன்னா பிள்ளை மண்டையில பட்டுரும்.”

என் மடியில்தான் மொட்டை, உட்கார்ந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் ஊன்றித்தான் எழுந்தேன். தனமும் ராசுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜல்லியில் போன கால்

இந்தத் தொடரில் இதுவரை பஸ்ஸைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன தெரியும். இந்த வாரம் பஸ் அதிகம் வராது. என் முட்டிதான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பணியில் இருந்த காலமெல்லாம் ஒரு கோழிக்குஞ்சின் மீதுகூட நான் வண்டியை ஏற்றியதில்லை. ஓய்வு பெற்று, சொந்த ஸ்கூட்டரில் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பத்திரிகை வைக்கப் போனேன். அங்கே இப்போது பார்க்கிற இடமெல்லாம் புது வீடு. எவனோ வீடு கட்டுகிறவன் பாதி ரோட்டுக்கு ஜல்லியைக் கொட்டி வைத்திருந்தான். ரோடு அவன் வீட்டு வாசல் என்று நினைப்பு. வண்டி வழுக்கி, இடது கால் அதன் கீழே மாட்டி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. என்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய பிறகும் ஜல்லி அங்கேயேதான் கிடந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அப்போது குட்டி கைக்குழந்தை. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்குள் வீட்டில் இருந்த எல்லாம் மேலே ஏறிவிட்டது. கட்டிலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினார்கள். சாப்பிட மேசை வந்தது. எங்கள் ஆனையூர் வீட்டில் அத்தனை அறையிலும் ஒரு நாற்காலி. எலும்பு சரியான பிறகாவது இதெல்லாம் இறங்க வேண்டுமா இல்லையா? இறங்கவில்லை. தரையில் உட்கார வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். இந்த வயதில் தரையில் உட்கார்ந்து என்ன சார் செய்யப் போகிறீர்கள் என்று சிரித்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவேன், துக்க வீட்டில் துக்கக்காரன் பக்கத்தில் உட்காருவேன், மனைவியோடு உட்கார்ந்து கீரை ஆய்வேன். அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் மனைவி பேச்சியம்மாள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து பார்க்கலாம் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இறங்கியது என்ன, சரிந்தேன். எழ முடியவில்லை. கட்டில் கால், கட்டில் சட்டம் என்று எதைப் பிடித்தும் இடுப்பு மேலே வரவில்லை. அவள் வரும் வரை தரையில் கிடந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு தரையைப் பார்த்தாலே பயம். மற்றவர்கள் என்னை நாற்காலியில் வைத்தார்கள் என்று குதிக்கிறேனே, பயம் என்னை அதற்கு முன்பே அங்கே கட்டிப்போட்டிருந்தது.

சண்டைக்காரர் கொடுத்த மடி

மடி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு பழைய கதை. என் காதுகுத்தின்போது நடந்தது, அம்மா சொல்லிக் கேட்டது.

என் தாய்மாமனுக்கும் அப்பாவுக்கும் வரப்புத் தகராறு. வரப்பை ஒரு சாண் வெட்டினாயா இல்லையா என்று ஆரம்பித்து, வாய்ச்சண்டை முற்றி, பேச்சுவார்த்தையே கிடையாது. எதிரே வந்தால் ஒருவர் வயலில் இறங்கிப் போவார். ஆனாலும் என்னைக் குளிப்பாட்டிச் சாமி முன்னால் வைத்துக்கொண்டு எல்லோரும் அவருக்காகத்தான் காத்திருந்தார்கள். முடி எடுப்பவர் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாராம். மடி வராமல் கத்தி எடுக்கக் கூடாது.

உச்சி வெயிலில் மாமன் வந்தார். யாரிடமும் பேசவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து என்னை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மொட்டை முடிந்து காது குத்தி, கடுக்கனும் போட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. அப்பாவும் சாப்பிடச் சொல்லவில்லை.

முகத்தில் முழிக்காத மனுஷனுக்கே மடி உரிமையை யாரும் மறுக்கவில்லை. முட்டி மடங்காதவனுக்கு மட்டும் மறுப்பார்களா? தங்கை வீட்டிலிருந்து ஆனையூர் வந்து சேரும் வரை இதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன்.

கோரிப்பாளையத்திலும் நாற்காலி

காதுகுத்துக்கு இன்னும் சில மாதம் இருந்தது. எங்கள் தெருமுனை ஜிம்முக்குத்தான் முதலில் போனேன். நாலு பக்கமும் கண்ணாடி. அதில் நாலு பக்கமும் என் தொப்பை. கையில் டம்பிள்ஸ் வைத்திருந்த பையன், அங்கிள் நீங்கள் காலையில் வாக்கிங் போங்கள், அது போதும் என்று கதவைக் காட்டினான். இளவட்டங்கள் இன்னும் இளவட்டமாவதற்கு அத்தனை இயந்திரம், எனக்கு ரோடு.

பிறகு பேச்சியம்மாள்தான் விசாரித்து வந்தாள். கோரிப்பாளையத்தில் ஒரு சின்ன மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில், விசேஷம் இல்லாத நாட்களில் காலையில் ஒரு வகுப்பு. ‘புதிதாகத் தொடங்குபவர்களுக்கான உடற்பயிற்சி’ என்று வாசலில் எழுதியிருந்தது. நடத்துகிறவள் ஆயிஷா, முப்பது வயதைத் தாண்டிய பெண், பிசியோதெரபி படித்தவள்.

அங்கே போய்ச் சேருவதே ஒரு பாடு. முதல் நாள் பஸ்ஸில் ஒரு காலைப் படியில் வைத்து மறு காலைத் தூக்குவதற்குள் டிரைவர் வண்டியை நகர்த்திவிட்டான். “பெருசு, சீக்கிரம் ஏறு” என்று கண்டக்டர் வேறு. என் காலத்தில் நானும் இப்படி எத்தனை பேரை நகர்த்தியிருப்பேன் என்று நல்ல மனுஷனாக இருந்தால் அப்போது நினைத்திருக்க வேண்டும். நான் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. கிளட்சை எப்படி விட வேண்டும் என்று கோரிப்பாளையம் வரை அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே போனேன்.

ஹாலுக்குள் நுழைந்தால் வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். முக்கால்வாசி பெண்கள். முட்டி வலி, இடுப்பு வலி, பிரசவத்துக்குப் பிறகு உடம்பு விழுந்தது என்று ஆளுக்கொரு காரணம். எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள் ஆயிஷா. நாற்காலிக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு இங்கேயும் நாற்காலியா என்று எகிறினேன். அவள் அசரவில்லை. எக்ஸ்ரேயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். வேறு ஒரு எலும்பு டாக்டரிடம் அனுப்பி, தாராளமாகச் செய்யலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டாள்.

“இதுல உக்காருறதுக்கு இல்லண்ணே. கையை ஊனாம எந்திரிக்கிறதுக்குத்தான் இந்த நாற்காலி. எந்திரிங்க பாப்போம்.”

முடியவில்லை. இத்தனை பெண்கள் முன்னால் இடுப்பை அரை அடி தூக்கி, தொப்பென்று விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மைமூன் அக்கா, காலைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொண்டு மூக்கை முன்னால் நீட்டச் சொன்னார். “எனக்கும் இங்க வந்த புதுசுல இப்படித்தான் தம்பி.”

மைமூன் அக்கா தர்கா பக்கத்துத் தெருவில் இருக்கிறவர், என்னைவிட மூத்தவர். முட்டி போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். அதில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்களாம். “குறை இல்லைன்னு எனக்கும் தெரியும். நெத்தி தரையில படணும்னு ஆசை. அம்புட்டுத்தான்” என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த வகுப்பில் ஒரு கட்சி கிடைத்துவிட்டது.

அரிசிப் பை

நாற்காலியிலிருந்து எழுந்தோம். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டியை மெத்தையில் ஊன்றினோம். பிறகு நாலு காலில் நின்றோம். இரண்டு உள்ளங்கை, இரண்டு முட்டி. அப்படி நின்றுகொண்டு முதுகை வளைத்து நிமிர்த்த வேண்டும். முதலில் எனக்கு மானம் போனது. மாடு மாதிரி நிற்கவா இங்கே வந்தேன் என்று கேட்டேன். மாடு ஒரு நாளும் விழுந்து கிடந்து ஆள் கூப்பிடுவதில்லையே என்றாள் ஆயிஷா.

விழுந்தால் எழுவதையும் அங்கேதான் கற்றேன். நேராக எழப் பார்க்கக் கூடாது. ஒரு பக்கமாகப் புரண்டு, கையை ஊன்றி, நாலு காலுக்கு வந்து, நல்ல காலை முன்னால் வைத்து எழ வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் அன்று கிடந்தேனே, அப்போது இது தெரிந்திருந்தால் ஒட்டடையை அடித்துவிட்டே எழுந்திருப்பேன். இவ்வளவு எளிய விஷயத்தை இத்தனை டாக்டர், இத்தனை மருந்துக்கடை, இத்தனை சொந்தக்காரர்களில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. நாற்காலி வாங்கிக் கொடுக்க மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எதற்காக வந்திருக்கிறேன் என்று ஆயிஷாவிடம் நான் சொல்லவில்லை. கௌரவம் தடுத்தது, மைமூன் அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சம்மணம் போட்டு உட்கார வந்த அன்றைக்கு மைமூன் அக்காதான் போட்டுக் கொடுத்தார். மடிக்காக வந்திருக்கிறார், மருமகனுக்குக் காதுகுத்து என்று. ஆயிஷாவுக்கு வந்ததே கோபம். மடியில் பிள்ளை இருக்கும், அது உதைக்கும், திமிரும், இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா என்று சத்தம் போட்டாள். மண்டபத்துச் சமையல்கட்டிலிருந்து ஒரு அரிசிப் பையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள். அதை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் நடுங்கியது. அடுத்தடுத்த நாட்களில் நடுக்கம் குறைந்தது. பெண்கள் எல்லோரும் அரிசிப் பைக்குப் பொட்டு வைக்கலாமா என்று கேலி செய்தார்கள்.

காதுகுத்துக்குச் சில நாள் முன்னால், மைமூன் அக்கா மெத்தையில் இறங்கி, முட்டியை மடக்கி, கையை முன்னால் வைத்து, மெதுவாகக் குனிந்தார். நெற்றி தரையில் பட்டது. நெடுநேரம் எழவில்லை. ஆயிஷா பயந்து கிட்டே போனாள்.

“தரை குளுகுளுன்னு இருக்கு” என்றார் அக்கா, குனிந்தபடியே.

குலசாமி முன்னால்

ஃபிளெக்ஸை மாற்றவில்லை. அச்சாகிவிட்டதாம். கோவில் நுழைவில் பெற்றோருக்கு நடுவே நான் ஆசியுடன் தொங்கிக்கொண்டிருந்தேன். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அதை ஒரு தடவை பார்த்தார்கள், என்னை ஒரு தடவை பார்த்தார்கள்.

வேப்ப மரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தது. தரையில் உட்கார வந்துவிட்டது என்று நான் போனில் சொன்ன பிறகு, மடி என்னுடையதுதான் என்று தனம் ஒத்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் ராசுவும் குளித்துப் புது வேட்டி கட்டித் தயாராக நின்றான். நான் ஜமுக்காளத்தில் கால் வைத்ததும் என்னைப் பிடிக்க அத்தனை கை நீண்டது. யாரும் தொடக் கூடாது என்றேன். ஒரு முட்டியை ஊன்றினேன். கையை ஊன்றினேன். பக்கவாட்டில் இறங்கி, திரும்பி, சம்மணம் போட்டேன். இடது கால் முழுதாக மடங்கவில்லை, போதுமான அளவு மடங்கியது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் ராசுவை நிமிர்ந்து பார்த்தேன்.

தனம் குட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

பிள்ளை வீரிட்டான். என் நெஞ்சில் உதைத்து, நழுவி இறங்கி, ஓடிப்போய் ராசுவின் காலைக் கட்டிக்கொண்டான். மறுபடி தூக்கி வந்தாள். மறுபடி ஓடினான். மிட்டாய் காட்டினார்கள், கிலுகிலுப்பையை ஆட்டினார்கள். ராசுவின் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கவே மாட்டேன் என்றான்.

“அவனுக்கு உங்க மடி பழக்கமில்ல, பெரியண்ணே” என்றாள் தனம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கால் முறிந்தபோது கைக்குழந்தையாக இருந்தவன், தவழ்ந்து வந்தாலும் நடந்து வந்தாலும், என் நாற்காலிக்கு அருகில் வருவதற்குள் யாராவது அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மாமாவுக்குக் கால் வலி, மேலே ஏறக் கூடாது என்பார்கள். பேசத் தெரிவதற்கு முன்பே அந்தப் பாடத்தைப் படித்துவிட்டான் பிள்ளை. என்னிடமிருந்து தரையை எடுத்தார்கள், பந்தியை எடுத்தார்கள், அதோடு இவனையும் எடுத்துவிட்டார்கள். நானும் காபி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே இருந்த அத்தனை பேரையும் அடித்திருக்கலாம், என்னையும் சேர்த்து.

நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று பூசாரி சொன்னார். முடி எடுப்பவர் கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். ராசு என்னிடம் குனிந்தான். “நான் உக்காந்துக்கிறேண்ணே. பிள்ளை அழுகுதுல்ல.” அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. அதனால்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.

நான் பக்கவாட்டில் சாய்ந்து கையை ஊன்றினேன். விழப் போகிறேன் என்று நினைத்துப் பெண்கள் பதறினார்கள். புது வேட்டியோடு, சொந்தபந்தம் மொத்தமும் பார்க்க, நாலு காலில் நின்றேன். ஆயிஷா சொல்லிக் கொடுத்த மாதிரி முதுகை வளைத்தேன், நிமிர்த்தினேன். செல்போன்கள் என் பக்கம் திரும்பின. எடுத்துக்கொள்ளட்டும்.

அழுகை நின்றது. ராசுவின் வேட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது.

“ஆனையா?” என்று கேட்டான் குட்டி.

“ஆனைதான். ஏறு.”

கொஞ்சம் யோசித்தான். பிறகு வந்து என் சட்டையைப் பிடித்து ஏறினான். அரிசிப் பையைவிடக் கனம் அதிகம், அது ஆடாது, இவன் ஆடினான். ஜமுக்காளத்தில் ஒரு சுற்றுப் போனேன். முட்டி தீயாக எரிந்தது. அவன் என் காதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சுற்று கேட்டான். இன்னொரு சுற்றும் போனேன். பிறகு மெல்ல உட்கார்ந்தேன். முதுகில் இருந்தவன் தானாகவே தோள் வழியாக வழுக்கி என் மடியில் வந்து விழுந்தான்.

முடி எடுப்பவர் தலையில் தண்ணீர் தடவினார். கத்தி இறங்கியது. என் கால் ஆடவில்லை என்று சொன்னால் பொய். ஆடப் பார்த்தது, கையால் அழுத்திப் பிடித்தேன். பிள்ளைத் தலையில் ஒரு கீறல் இல்லை. காது குத்தும்போது அலறினான். இந்த முறை ஓடவில்லை. என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான், மூக்கையும் அதிலேயே துடைத்தான்.

எல்லாம் முடிந்து பந்திக்குக் கூப்பிட்டார்கள். கூட்டம் இலை போட்ட பக்கம் நகர்ந்தது. குட்டி மட்டும் சந்தனம் பூசிய மொட்டைத் தலையை என் கையில் சாய்த்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தான். ராசு வந்து கை நீட்டினான்.

“டேய் குட்டி, எந்திரி. மாமாவுக்குக் காலு வலிக்கும்.”

“வலிக்கத்தான் செய்யுது” என்றேன். “நீ போய்ச் சாப்பிடு. அவன் இருக்கட்டும்.”